நாற்பத்தேழாவது பதிவில் மின்முனை கழலவில்லை

அறுவை அரங்கத்தின் மூளையலைப் பதிவுப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் முனைப்போடு பணியாற்றி, முதுநிலைத் தொழில்நுட்பராக இன்று பணிநிறைவு பெறும், அலைக்கோடே கதியென்று இருந்ததால் 'கோட்டக்கா' ஆன, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்காவுக்கு உடன் பணிபுரிந்தோர் அளிக்கும் மடல்

அலைகளை அளந்த அருந்திறலே! மயிரிழைக் கோட்டிலும் மனிதரைக் கண்ட மதிநலமே! பசையும் பஞ்சும் பதமான விரலும் கொண்டு பல்லாயிரம் தலைகளைப் பரிவோடு தொட்ட பண்பின் உறைவிடமே! வணக்கம்.

மேலே அச்சம் என்று வந்திருப்பது அச்சுப்பிழை அன்று. தங்கள் அலைக்கோட்டில் மின் இரைச்சல் கலக்கிறது என்பதற்காக, பெரிய அறுவை மருத்துவரின் கைப்பேசி சார்ஜரை அவர் கண்ணெதிரே சுவரிலிருந்து பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தவர் தாங்கள். அரங்குக்குள் யார் காலணி தேய நடந்தாலும் தலையைத் தூக்காமல் "யாரது?" என்பீர்கள், நடந்தவர் நுனிக்காலில் திரும்பிப் போவார். அத்தகைய தங்களை நாங்கள் பயந்துகொண்டே நேசித்தோம் என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறோம்.

இன்றைய அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. வழக்கமான புகழுரைகளோடு, ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைக்கப்பட்ட ஒன்றும் இந்த மடலில் சொல்லப்படும். அதைக் கேட்க வேண்டியவர் மூன்றாம் வரிசையில், கதவோரம், தம் மனைவியுடன் அமர்ந்திருக்கிறார். எதற்காகத் தம்மை அழைத்தார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தங்களுக்கும் தெரியாது. அவரைக் கண்டதும் தாங்கள் நாற்காலியைவிட்டு எழப் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் தங்கள் மகளைத் தங்கள் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

இம்மடலை எழுதியவரும், இங்கே நின்று வாசிப்பவரும் மயக்கவியல் துறைத் தலைவர். தம்மைப் பற்றி வரும் இடங்களிலெல்லாம் அவர் 'மயக்க மருத்துவர்' என்றே எழுதியிருக்கிறார். 'நான்' என்று எழுதத் தொடங்கினால் கை தன்னையறியாமல் சாக்குச் சொல்லப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகள் அந்தக் கையோடு பழகியவர் அவர்.

முதலில் மகிழ்ச்சியானவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

தலைக்கு இருபத்தொரு மின்முனைகள். ஒவ்வொன்றுக்கும் முடியை வகிர்ந்து, தோலைப் பஞ்சால் தேய்த்து, பசை வைத்து, அழுத்திப் பிடித்து, மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் தாங்கள் கையெடுப்பீர்கள். அறுவைக்கு முன் நடுங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த அரைமணி நேரத்தில் அடங்கிவிடுவார்கள். பரோட்டாக் கடையில் வேலை கிடைக்குமா பாருங்கள், மாவு நன்றாகப் பிசைகிறீர்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, அவர் தலை இன்னும் ஊறவில்லை என்று தாங்கள் பதில் சொன்னதை இன்றும் செவிலியர் அறையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இருபத்தொரு முனை, முப்பத்தோர் ஆண்டு. தாங்கள் ஒட்டியது தானாகக் கழன்றதில்லை. ஒரே ஒரு முறை கழன்றதாகக் கோப்பில் இருக்கிறது. அதற்காக நாங்கள் தங்களை 'நாற்பத்தேழு' என்று கேலி செய்தோம். தாங்கள் சிரித்ததே இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

அந்த நாற்பத்தேழுக்கு இப்போது வருகிறோம்.

பெரிய அறுவைகளின்போது அபினி இனத்து வலிமருந்தைக் கொடுக்கிறோம். வலியை அடக்கும் அந்த மருந்து மூளையின் இயக்கத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அலை அலையாக அளந்து பார்க்க இங்கே ஓர் ஆய்வு நடந்தது. அதை நடத்தியவர் மயக்க மருத்துவர். முதலில் வலிமருந்து மட்டும், பத்து நிமிடம் கழித்துத் தூக்க மருந்து, அதன்பின் தசைகளைத் தளர்த்தும் மருந்து, பிறகு அறுவை. வலிமருந்தை மூன்று அளவுகளில் ஏதோ ஒன்றாக மருந்தாளுநர் நிரப்பி, ஊசிக்குழலின் சீட்டை மறைத்து அனுப்புவார். பதிவு செய்பவர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். எந்த அளவு என்று அவருக்குத் தெரியக் கூடாது. அலையில் என்ன கண்டாலும் மருத்துவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மருத்துவரின் கை மருந்தைக் கூட்டிக் குறைக்கும், அளவை கெட்டுவிடும். இதற்கு வாய்ப்பூட்டு விதி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். கோட்டக்காவுக்கே பூட்டா என்று கேட்டவர்களும் உண்டு.

தாங்கள் அந்தப் பூட்டை மதித்தீர்கள். படிவத்தில் மட்டும் ஒரு சொல்லை மதிக்கவில்லை. வலிமருந்து ஏறியதும் நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். படிவத்தில் 'உறங்குகிறார்' என்று ஒரு கட்டம் இருந்தது. தாங்கள் அதை அடித்துவிட்டு, 'கண் மூடியிருக்கிறார்' என்று எழுதினீர்கள். மயக்க மருத்துவர் காரணம் கேட்டபோது, மூன்றாவது நோயாளியை நினைவூட்டினீர்கள். கண்ணை மூடி, மூச்சு விடவே மறந்து கிடந்தார் அவர்; செவிலி "மூச்சு விடுங்க" என்றதும் உடனே விட்டார். சொன்னதைக் கேட்டுச் செய்கிறவர் எப்படி உறங்குகிறவர் ஆவார் என்று தாங்கள் கேட்டீர்கள். மயக்க மருத்துவர் சிரித்தார். அவருக்கு அலைகள் பிடிக்காது. அத்தனை கோடுகளையும் கருவி காய்ச்சி வடித்து ஒரே எண்ணாகத் திரையில் காட்டும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருந்தால் நல்ல உறக்கம். அந்த எண்ணை நம்பியே வாழ்ந்ததால் அவருக்கு 'நம்பர் டாக்டர்' என்று பெயர். வைத்தது யாரென்று அவருக்குத் தெரியும்.

நாற்பத்தேழாவது நோயாளி லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குடலில் அறுவை. ஒட்டிய முனைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒயர் எங்கள் பெரிய லிஃப்டுக்கே கிடையாது என்று அவர் சொன்னார். தாங்கள் சிரித்தீர்கள். எட்டே முக்காலுக்கு வலிமருந்து. ஒன்பதுக்கு எல்லாம் முடிந்து, தொண்டையில் குழாய், இரு கைகளும் துணிக்குள். இடக்கை நரம்பில் தூக்க மருந்து, வலக்கையில் மற்றவை. ஒன்பதேகாலுக்குக் கத்தி வைத்தார்கள்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குத் தங்கள் கோட்டில் ஏதோ மாறியது. அகன்று உருண்டு வந்துகொண்டிருந்த அலைகளின் மேல் பொடிப்பொடியாக, வேகமாக, சின்ன அலைகள் முளைத்தன. வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எண் ஐம்பத்திரண்டு. நாடி அறுபத்துநான்கு. வலிமருந்து நன்றாக ஏறிய உடம்பில் நாடி பதறாது. தசைகள் தளர்ந்த உடம்பு ஒரு விரலைக்கூட அசைக்காது. நெற்றித் தசையின் அசைவையும் கணக்கில் சேர்க்கும் அந்த எண்ணும், அசையாத நெற்றியைப் பார்த்து ஏமாந்துபோகும். உள்ளே ஒருவர் விழித்துக்கொண்டால், அதை வெளியே சொல்வதற்கு அவருக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு வழியே இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ பேச அனுமதி இல்லை.

இரண்டு நிமிடம் தாங்கள் பேசவில்லை. அதைப் பின்னாளில் தாங்களே எங்கள் செவிலி ஒருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பேசினால் அந்தப் பதிவு போகும், ஆய்வே சந்தேகத்துக்கு உள்ளாகும், வீட்டில் கணவர் படுக்கையில், மகள் பள்ளியில், வேலைக்கு ஆபத்து. தவறாகப் பார்த்திருந்தால் ஊரே சிரிக்கும். அப்போது அறுவை மருத்துவர் உள்ளே எதையோ இழுத்துக் கட்டினார். பெரிய அலைகள் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டன. சின்னவை மட்டும் அடர்ந்து நின்றன. தாங்கள் திரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தீர்கள்.

"டாக்டர், அவரு முழிச்சிருக்காரு."

மயக்க மருத்துவர் எண்ணைப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். அவருக்கு முதலில் வந்தது கோபம். நாற்பத்தாறு பதிவுகள் சுத்தமாக முடிந்திருக்க, இந்தம்மா வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாரே என்பதுதான் அவர் மனத்தில் ஓடியது. எண் சரியாக இருக்கிறது, போய் உட்காருங்கள் என்றார். அறுவை மருத்துவரும் தலையைத் தூக்காமலே, அங்கே என்ன சந்தை என்று கேட்டார்.

"நம்பரைப் பாக்காதீங்க. கோட்டைப் பாருங்க."

சொல்லிவிட்டுத் தாங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துணிக்கு அடியில் குனிந்து, லிஃப்ட்காரரின் காதருகே வாய் வைத்துப் பேசினீர்கள். குரலில் அவசரம் இல்லை. தலையில் பசை வைக்கும்போது பேசுகிற அதே குரல்.

"ஐயா, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். மருந்து இதோ வந்துட்டே இருக்கு. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல."

அப்போதுதான் மயக்க மருத்துவர் இடக்கைப் பக்கத்துத் துணியைத் தூக்கினார். விரிப்பு நனைந்திருந்தது. ஊசி நரம்பைவிட்டு நழுவி, தூக்க மருந்து முழுவதும் பஞ்சுக்கும் துணிக்கும் போய்க்கொண்டிருந்தது. தடையின்றி ஓடியதால் பம்ப் ஓர் ஒலிகூட எழுப்பவில்லை. அவர் பம்பை நிறுத்தினார். வலக்கை வழியாக மருந்தைச் செலுத்தி நாற்பது நொடி காத்திருந்தார். தாங்கள் அந்த நாற்பது நொடியும் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அலைகள் மறுபடி அகன்று உருளத் தொடங்கியபின்தான் நிமிர்ந்தீர்கள். பிறகு தங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினீர்கள்: 'ஒன்பது நாற்பத்து மூன்று. பேசினேன்.'

மறுநாள் காலை வார்டில், லிஃப்ட்காரரின் தலைமுடியில் காய்ந்திருந்த பசையைத் தாங்கள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மயக்க மருத்துவர் சுற்றுக்கு வந்தார். தொண்டை கட்டிய குரலில் நோயாளி அவரிடம் கேட்டார்.

"டாக்டர், நடுவுல ஒரு அம்மா என் காதுல பேசினாங்களே, அவங்க யாரு?"

இந்தக் கேள்வியில் பழி இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நன்றிதான் சொல்லியிருப்பார் என்று மயக்க மருத்துவருக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அந்த வாரம் ஆய்வைப் பரிசீலிக்கும் குழு கூட இருந்தது. துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. ஊசி நழுவியதைக் கவனிக்காதவர் என்று எழுதப்பட்டால் இரண்டும் போகும்.

"அது கனவுங்க. இந்த வலிமருந்துல அப்படியெல்லாம் வரும்."

தாங்கள் துடைப்பதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தீர்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை மயக்க மருத்துவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாலையே அவர் ஆய்வுக் கோப்பில் எழுதினார்: 'பதிவு எண் நாற்பத்தேழு நீக்கப்பட்டது. மின்முனை கழன்றது. தொழில்நுட்பரின் கவனக்குறைவு.' அதன்பேரில் தங்களுக்குக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. கழலாத முனை கழன்றதாகத் தங்கள் பெயரில் எழுதப்பட்டதுதான் எல்லாவற்றையும்விடத் தங்களைச் சுட்டிருக்கும். அது தெரிந்தேதான் அவர் அதை எழுதினார்.

தாங்கள் அவரை நடைபாதையில் நிறுத்தினீர்கள். சண்டைக்கு வருகிறீர்கள் என்று அவர் நினைத்தார்.

"நீங்கதான் சொல்லணும் டாக்டர். நான் போய்ச் சொன்னா அவருக்கு உங்க மேல கோவம்தான் வரும். நீங்க சொன்னாத்தான் அவருக்குப் பயம் போகும்."

அவர் சொல்லவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி ஆறு மாதம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். தம் கணவரால் மூடிய இடத்தில் நிற்க முடியவில்லை, லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் வியர்த்துக் கொட்டுகிறது, மல்லாந்து படுக்கவே மாட்டேன் என்கிறார், கேட்டால் வயிற்றுக்குள் யாரோ கைவிட்டது தெரிந்தது என்கிறார், ஆனால் டாக்டர் கனவு என்று சொல்லிவிட்டதால் தமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்படுகிறார் என்றெல்லாம் சொன்னார். மயக்க மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் தொழிலை விட்டுவிட்டு, இப்போது உதிரிபாகக் கடையில், திறந்த வாசலை ஒட்டி, உட்கார்ந்து வேலை செய்கிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை மூளையலைக் கருவியைச் சரிபார்த்து, சான்றிதழில் மயக்க மருத்துவரின் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தத் தாளை நீட்டும்போது தாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள்: "சொல்லிட்டீங்களா?" அவர் இல்லை என்பார். தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நாலாவது ஆண்டு மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி, "நானும் சொல்லாமத்தானே இருக்கேன்" என்றீர்கள். தங்கள் மேல் தாங்களே வைத்துக்கொண்ட அந்தக் குறையை இந்த மடலிலிருந்து நீக்க நாங்கள் முயலவில்லை. நீக்கினால் தாங்கள் இம்மடலின் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிடுவீர்கள். எட்டு ஆண்டு, எட்டுக் கேள்வி.

சென்ற மாதம் தாங்கள் தாளை நீட்டினீர்கள். அவர் கையெழுத்திட்டார். தாங்கள் கேட்கவில்லை. தாளை மடித்து உறையில் போட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனீர்கள். இவரிடம் இனிக் கேட்டுப் பயனில்லை என்று தாங்கள் முடிவுசெய்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு முறை கேட்டபோது தாங்கிக்கொண்ட மனிதரால் கேட்காமல் விட்டதைத் தாங்க முடியவில்லை. அன்று அவர் நோயாளிகளைப் பார்க்காமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த மடலை எழுதத் தொடங்கினார்.

இன்று காலை, நாற்பத்தேழாவது நோயாளியின் முழு அலைப்பதிவும், தங்கள் குறிப்பேட்டின் அந்த ஒரு வரியும், மயக்க மருத்துவரின் வாக்குமூலமும் பரிசீலனைக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தப் பதிவில் இருபத்தொரு முனைகளும் கடைசி நொடிவரை ஒட்டியிருந்ததை எவரும் பார்க்கலாம். குறிப்பாணையை ரத்து செய்யக் கேட்டிருக்கிறார். ஆய்வு என்ன ஆகும், அவர் என்ன ஆவார் என்று எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் வரிசையில் இருக்கும் ஐயா, இனி வருவது தங்களுக்கு. தாங்கள் கண்டது கனவு அன்று. தாங்கள் விழித்திருந்தீர்கள். வயிற்றில் கை இருந்தது உண்மை. தங்கள் புத்தியில் எந்தப் பழுதும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தூக்க மருந்து தங்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவர் கவனிக்கவில்லை. பிறகு தங்களிடம் பொய் சொன்னார். அவர்தான் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். தங்கள் காதில் பேசிய அம்மா யார் என்று கேட்டீர்களே, இதோ முன்வரிசையில், மகள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அவர் எங்கும் போகவில்லை.

அக்கா, பணிநிறைவு விழாவில் ஒருவரை இப்படி உட்கார வைத்து உலுக்கியதற்கு மன்னியுங்கள். தனியறையில் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பொய் எல்லோர் முன்னாலும் எழுதப்பட்டதால் மெய்யும் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட வேண்டும் என்று மயக்க மருத்துவர் பிடிவாதமாக இருந்தார். இதில் மட்டும் நாங்கள் அவரோடு ஒத்துப்போனோம். முப்பத்தோர் ஆண்டு ஓடிய தங்கள் கால்களின் வலி குறையட்டும். தம் வீட்டு மின்சாதனங்களைத் தாங்கள் பிடுங்காமல் இருக்க வேண்டுமென்று தங்கள் மகள் தனியே விண்ணப்பித்திருக்கிறார். நோய் நொடி அண்டாமல், நூறாண்டு கடந்தும் நிமிர்ந்த நடையோடும், யாருக்கும் அடங்காத வாயோடும் தாங்கள் வாழ வேண்டும்.

இவ்வண்ணம் வாழ்த்திக் கையெழுத்திடுவோர்: அரங்கச் செவிலியர் பதினால்வர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர் ஐவர், பதிவுப் பிரிவில் தங்கள் இருக்கைக்கு நாளை வரப்போகிறவர். அன்று அறுவை செய்த பெரிய டாக்டர் இம்மடலை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடாமல் திருப்பித் தந்தார்; அவருக்குரிய இடம் வெற்றாக விடப்பட்டுள்ளது. கடைசிக் கையெழுத்து, துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து இன்று காலை விலகிவிட்ட மயக்க மருத்துவருடையது. அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. வாசித்து முடித்ததும் மேடையிலிருந்து இறங்கி மூன்றாம் வரிசைக்குப் போவார். அங்கே என்ன கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு தங்களிடம் வந்து பேனாவைக் கேட்பார். தாங்கள் கொடுத்தால் இடுவார்.